கிரேடை மாற்றும் முன் ரிப்போர்ட்டைப் படியுங்கள்

போர்வெல் வண்டியில் கம்ப்ரஸரை ஓட்டும் டீசல் இன்ஜினுக்கு ஆயில் பிரஷர் இறங்கினால், பட்டறையில் முதலில் காதில் விழுவது "20 டபிள்யூ-50 ஊத்திப் பாருங்க" என்பதுதான். வழக்கமான 15 டபிள்யூ-40-ஐ விடக் கெட்டியான ஆயில் அது. ஊற்றினால் பிரஷர் கேஜின் முள் ஏறும். ஏன் இறங்கியது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும். அதைச் சொல்லக்கூடியது பழைய ஆயிலின் லேப் ரிப்போர்ட்.

சாம்பிள் எடுக்கும்போதே பல ரிப்போர்ட்டுகள் கெட்டுவிடுகின்றன. இன்ஜின் சூடாக இருக்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றி, முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். ஆயில் மாற்றி எத்தனை மணி ஓடியது, இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் ஆனது என்று லேபிளில் எழுதாவிட்டால் எண்களுக்கு அர்த்தமே இல்லை. 250 மணியில், தேய்ந்து ஆயிலில் கலந்த இரும்பு 45 பிபிஎம் (பத்து லட்சத்தில் 45 பங்கு) என்றால் 100 மணிக்கு 18. 500 மணியில் 60 என்றால் 100 மணிக்கு 12தான். டாப்-அப் சமமாக இருந்தால், 60 காட்டிய இன்ஜின்தான் நன்றாக இருக்கிறது.

போர்வெல் ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது சிலிக்கான். பாறைத் தூள் உள்ளே போனால் அதோடு அலுமினியமும் ஏறும். சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்து இரும்பும் குரோமியமும் பின்னாலேயே வரும். ஏர் ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன், அதற்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸின் உள்பக்கத்தை விரலால் துடையுங்கள். தூசி ஒட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ரப்பர் வெடித்திருக்கலாம், ஃபில்டரே சரியாக உட்காராமலும் இருக்கலாம். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால், சமீபத்தில் கேஸ்கெட்டுக்குப் பூசிய பேஸ்டைச் சந்தேகப்படலாம்.

ஈயமும் தாமிரமும் சேர்ந்து ஏறினால் பேரிங். தாமிரம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆயில் கூலர். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கசிகிறது. சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் 'தண்ணீர் இல்லை' என்ற வரியைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். லேப் மெஷின் சில மைக்ரான் அளவுத் துகள்களை மட்டுமே எண்ணும். பேரிங் செதில் செதிலாக உரிந்தாலும் தாள் சுத்தமாக வரக்கூடும். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து, மினுக்கும் துகள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி விஸ்காசிட்டி, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. 40 கிரேடு என்றால் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 11.5 என்று வந்தால், ஊற்றிய 40 இப்போது 30 ஆகிவிட்டது. அதே தாளில் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) இறங்கி, டீசல் கலப்பு 4-5 சதவீதம் என்றிருந்தால் தப்பு ஆயிலில் இல்லை. இன்ஜெக்டர் ஒழுகுகிறது, பம்ப் சீல் போயிருக்கிறது, அல்லது வண்டி லோடில்லாமல் ஐடிலில் அதிக நேரம் நிற்கிறது. அந்த நிலையில் 50 ஊற்றினால் டீசல் அதையும் நீர்க்கச் செய்யும். மாறாக விஸ்காசிட்டி 17-ஐத் தாண்டினால் கரி சேர்ந்திருக்கிறது அல்லது ஆயில் ஆக்ஸிடேஷனில் கெட்டியாகியிருக்கிறது.

150 டிகிரியில் பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயிலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச விஸ்காசிட்டியை ஆயில் கிரேடுகளுக்கான எஸ்ஏஇ ஜே300 தரநிலை வகுத்திருக்கிறது. 15 டபிள்யூ-40-க்கும் 20 டபிள்யூ-50-க்கும் அது ஒன்றேதான்: 3.7 சென்டிபாய்ஸ். அதனால் 50 என்ற எண்ணை மட்டும் பார்த்து, பேரிங்குக்குக் கூடுதல் பாதுகாப்பு உறுதி என்று நினைக்க வேண்டாம். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. 15 என்றால் மைனஸ் 20 டிகிரியில் சோதிப்பார்கள். நம் ஊர் வெயிலில் அதற்கு வேலையில்லை.

50-க்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. டீசல் கலப்பு இல்லை, தாளும் ஃபில்டரும் சுத்தம், ஆயில் பம்பும் கேஜும் சரி, இருந்தும் சூடான இன்ஜினில் பிரஷர் மேனுவல் சொல்லும் அளவுக்குக் கீழே நிற்கிறது என்றால் ஊற்றலாம். மேனுவலில் அந்த கிரேடும் இருக்க வேண்டும், ஆயிலின் செயல்திறனைக் குறிக்கும் ஏபிஐ தரமும் குறையக் கூடாது. மாற்றிய பிறகு அடுத்த சாம்பிளை 100 மணியிலேயே எடுத்துவிடுங்கள்.