5.2 எங்கே போனது?

பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தத் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. எண்பதுகளில் அம்மா இங்கே ஆப்பரேட்டராக இருந்தபோது, மெஷினை ஓட்டுவதை லைன் லீடர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லித் தருவாராம். இப்போது எல்லாவற்றுக்கும் எஸ்ஓபி, அதாவது வேலையைப் படிப்படியாகச் சொல்லும் தாள். தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்வார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு மெஷினின் எஸ்ஓபியில் மூன்றாம் பிரிவாகப் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்த வேர்டு கோப்பில் தலைப்பு எண்கள் அத்தனையும் கையால் தட்டியவை. 3-ஐ 4 ஆக்கி, 4-ஐ 5 ஆக்கி, கடைசி வரை திருத்தினேன். பொருளடக்கத்தையும் சரி செய்தேன். ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் 'மூடியைத் திறப்பதற்கு முன் 5.2-ஐச் செய்யவும்' என்று ஒரு வரி இருந்தது. அது என் கண்ணில் படவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடும் படிதான் பழைய 5.2. அது இப்போது 6.2 ஆகிவிட்டது. புதிய 5.2-இல் இருந்ததோ மெஷினின் வெளிப்புறத்தைத் துணியால் துடைக்கும் முறை.

புதிதாக வந்த டெக்னீஷியன் ஒருவர் தாளில் சொன்னபடியே துடைத்துவிட்டு மூடியில் கை வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற மூத்தவர், "தம்பி, பூட்டு எங்கப்பா?" என்று கேட்டதால் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாள் அன்றே என் மேசைக்கு வந்தது. 5.2-க்கு மேல் எண்ணெய்க் கறையோடு ஒரு விரல் தடம். அவர் படித்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். தப்பு முழுக்க என்னுடையது.

தரக் கட்டுப்பாட்டில் இருந்த அக்கா ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, மறுநாள் பசியாறக்கூடப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நம்பரை நீ போடாதே தம்பி. இது தலைப்பு, இது அதுக்குள்ள வர்ற தலைப்புன்னு மட்டும் சொல்லு. நம்பரை வேர்டே போட்டுக்கும்."

அதுவரை வேர்டில் இருக்கும் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற தலைப்பு ஸ்டைல்கள் எல்லாம் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். தலைப்பு, உள்தலைப்பு என்று நிலை நிலையாக எண் போடும் மல்டிலெவல் லிஸ்டில் ஒவ்வொரு நிலையையும் அதற்குரிய ஹெடிங் ஸ்டைலோடு இணைக்க வேண்டும். ஒன்பது நிலைகள் உண்டு. எங்களுக்கு மூன்று போதும், ஏழாவதை 'லம்பிரான் ஏ, லம்பிரான் பி' என்று பின்னிணைப்புகளுக்கு ஒதுக்கினோம். அப்புறம்தான் முக்கியமான வேலை: '5.2-ஐச் செய்யவும்' என்ற வரியில் அந்த எண்ணையும் தட்டக்கூடாது. கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாக அந்தத் தலைப்பையே சுட்ட வேண்டும். தலைப்பு எங்கே நகர்ந்தாலும் அந்த வரி அதையே சுட்டும். ஆனால் எண் தானாக மாறிவிடாது. கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எண்களைப் புதுப்பிக்க எஃப்9 அழுத்த வேண்டும். பக்கத்தின் மேலும் கீழும் ஓடும் வரிகளுக்கு அது எட்டாது, அங்கே தனியாகப் போய் அழுத்த வேண்டும். சுட்டிய தலைப்பை யாராவது அழித்திருந்தால் அந்த இடத்தில் 'எரர்!' என்று வரும். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தச் சொல்லைத் தேடிப் பார்ப்பது இன்றும் என் வழக்கம்.

எண் வெறும் அடையாளம்தானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தணிக்கைக்கு வருபவர் '7.5.3' என்று சொன்னாலே தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையில் ஆவணக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று அறையில் எல்லோருக்கும் புரிந்துவிடும். 2008 பதிப்பில் அது 4.2.3. அக்கா கடைசி வரை பழைய எண்ணைத்தான் முதலில் சொல்வார், பிறகு திருத்திக்கொள்வார். எண்ணே பெயராகிவிடுகிறது.

கையால் எண் போட்ட நாற்பது எஸ்ஓபிகளை ஒவ்வொன்றாக மாற்ற எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த மெஷினின் எஸ்ஓபியைத்தான் முதலில் எடுத்தேன். முடித்ததும், சோதித்துப் பார்க்க முன்னால் ஒரு வெற்றுப் பிரிவைச் செருகி எஃப்9 அழுத்தினேன். ஒன்பதாம் பக்கத்தில் 6.2 என்பது 7.2 ஆனது. செருகியதை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். 6.2. அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, நானே கீழே கொண்டுபோய் அந்த டெக்னீஷியன் தம்பியிடம் கொடுத்தேன். அவர் நேராக ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார்.