பத்தனை நேர்முகப் பரீட்சையும் பிறப்புப் பத்திரத்து எழுத்துப் பிழையும்

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர, புதன்கிழமை காலை நேர்முகப் பரீட்சை. கடிதம் என் கைக்குக் கிடைத்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம். உறையில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்தது பன்னிரண்டு நாள் முந்திய திகதி. அத்தனை நாளும் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஜன்னலோரம் பழைய செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவு) தாள்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஓரத்தில் தேத்தண்ணிக் கறை வேறு.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்குத் தனி விலாசம் கிடையாது. தபால்காரர் மொத்தமாக ஆபீஸில் போட்டுவிட்டுப் போவார், யாராவது மலைக்குப் போகும்போது எடுத்து வந்தால் உண்டு. "இவ்வளவு நாளா வந்து கேக்கலையேம்மா" என்றார் கிளாக்கர் ஐயா. நான் இரண்டு முறை கேட்டிருந்தேன். சண்டை போட நேரமில்லை, வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். விண்ணப்பம் போடுகிறவர்கள் டவுனில் தெரிந்த கடை ஏதாவது இருந்தால், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அந்த விலாசத்தைத் தபாலுக்குக் கொடுங்கள்.

அன்றிரவு தாள்களையெல்லாம் பாயில் பரப்பினேன். உயர்தரப் பெறுபேறு, சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் சரி. பிறப்புப் பத்திரத்தில்தான் இடி விழுந்தது. அது சிங்களத்தில் எழுதியது. பக்கத்துக் காம்பிரா (லய வீடு) அண்ணாவிடம் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். மற்ற எல்லாத் தாளிலும் நான் சாந்தினி, அதில் மட்டும் சந்தனி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயரை அம்மா அப்பா வாயால் சொல்ல, யாரோ காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. இத்தனை வருஷமும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தது அந்தப் பிழையைத்தான்.

சனிக்கிழமை ஜீஎஸ்ஸை, அதாவது கிராம சேவகரை, தேடிப் போனேன், ஆள் இல்லை. இறங்கி ஏறியதில் ஒரு நாள் போனது. ஞாயிறு, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். அவர் சமாதான நீதவான். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். ஒரு சதம் வாங்கவில்லை. "டீச்சரா வந்து நம்ம புள்ளைகளுக்குச் சொல்லிக்குடு, அது போதும்" என்றார். அம்மா வாசற்படியிலேயே அழுதுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வதிவுச் சான்றிதழ். இதை யாரும் லேசாக எடுக்காதீர்கள். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியோடு, எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வசிக்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் தெரிவு நடக்கிறது. ஜீஎஸ் வாக்காளர் இடாப்பைப் பார்த்து ஒன்பது மணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் வாங்கத்தான் பாடுபட்டேன். "ஐயா மீட்டிங். நாளைக்கு வாங்க" என்று மேசையில் இருந்தவர் சிங்களத்தில் ஒரே வரி சொன்னார். நாளைக்குத்தானே நேர்முகம்! எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடிதத்தில் திகதி இருந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, அந்த மேசைக்கு முன்னாலேயே வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். பகல் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தமிழ் பேசும் மிஸ் ஒருவர் கடந்து போனார். என் கையிலிருந்த கடிதத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் முத்திரையோடு திரும்பி வந்தார். அவர் பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

புதன் விடிய முதல் கிளம்பி, ஹட்டனில் தலவாக்கலை பஸ் ஏறி, பத்தனைச் சந்தியில் இறங்கினேன்.

நேர்முகத்தில் முதல் பத்து நிமிஷம் தாள்கள்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சேர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விரலும் பெறுபேற்றில் ஒரு விரலுமாக வைத்து நிறுத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் சத்தியக் கடதாசியை நீட்டினேன். வாசித்துவிட்டு, தலையசைத்து, அடுத்த தாளுக்குப் போனார். வலைப்பந்துச் சான்றிதழ் ஒன்றில் அதிபரின் பதவி முத்திரை இல்லை, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். வீட்டிலேயே பார்த்திருந்தால் பள்ளிக்கூடத்தில் போய்க் குத்தி வாங்கியிருக்கலாம். மனம் இன்னும் ஆறவில்லை.

பிறகு, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மனப்பாடம் பண்ணிப் போன பதில் ஒன்றும் வரவில்லை. எங்கள் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) ஒரு சின்னவன் மூன்று மாதம் பேசாமல் இருந்ததையும், கொழுந்துக் கூடைக்குள் உட்காரவைத்துப் பஸ் ஓட்டி விளையாடியபோது "ஹட்டன்! ஹட்டன்!" என்று கத்தியதையும் சொன்னேன். நடுவில் இருந்த மிஸ் சிரித்தார். பேனையை மூடி வைத்துவிட்டு, அவன் இப்போது எப்படி என்று கேட்டார். என் கை நடுக்கம் நின்றது அப்போதுதான்.

தெரிவாகிவிட்டேன். மூன்று வருஷம், அதில் முதல் இரண்டு விடுதியில். மெத்தை, வாளி, சேலை என்று அம்மா சீட்டுக் காசை எண்ணிக்கொண்டிருக்கிறார். மேல் லயத்துத் தங்கச்சி ஒருத்தி இந்த முறை உயர்தரம் எழுதியிருக்கிறாள். நேற்று அவளுடைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். அவள் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து இல்லை. வருகிற ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு அந்த அதிபர் வீட்டுக்குப் போகிறேன்.