மஞ்சள் பையில் இருந்த மருத்துவக் கோப்பு

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, மார்பகப் புற்றுநோய்க்கு மூன்றாவது சுற்று கீமோதெரபி எடுக்க வேண்டியிருந்த என் பெரியம்மா, மருத்துவக் கோப்பை மஞ்சள் பையில் போட்டு வாசற்கதவின் ஆணியில் மாட்டிவைத்து, திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்குப் போக வழி பிறக்குமா என்று காத்திருந்தார். புற்றுநோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகையை நம்பியே வந்துபோனவருக்கு, ரயில்கள் நின்றபின் வாடகைக் கார் ஒன்றுதான் வழி. அதற்குக் கேட்ட தொகை பெரியப்பாவின் இரண்டு மாதக் கூலி. அதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற, சொந்தக் கார் வைத்திருந்த என் சென்னைத் தோழி ஒரு சுற்றையும் தவறவிடவில்லை.

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில், 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 விழுக்காடு குறைந்தார்கள். நோய் குறைந்துவிடவில்லை, நோயாளிகளால் வர முடியவில்லை.

தொலைபேசி ஆலோசனை பலருக்கு உதவியது உண்மைதான். ஆனால் பெரியம்மாவிடம் இருந்தது பட்டன் போன். பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து அனுப்பப் பக்கத்து வீட்டுப் பையனின் போனைத்தான் வாங்க வேண்டும். அவன் அருகில் நிற்கும்போது மார்பின் வலியைப் பற்றி அவர் எப்படிப் பேசுவார்?

ஒரு மாற்றத்தை மட்டும் மனமார வரவேற்கிறேன். மூன்று வாரங்களில் 15 முறை தரும் மார்பகக் கதிர்வீச்சை, தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையாகத் தரலாம் என்று பிரிட்டன் ஆய்வொன்று அந்த ஏப்ரலில்தான் காட்டியது. வெளியூரிலிருந்து வருபவருக்கு இரண்டு வார அறை வாடகையும் கூலியும் மிச்சம்.