குன்றக்குடியானுக்கு முடிந்து வைத்த காசு

போன ஐப்பசியில் என் மகனுக்கு எட்டு மாதம். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுக்க எடுத்தபோது கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. தெர்மாமீட்டரில் 103. மூன்று நிமிஷம்கூட இருக்காது, எனக்கு அது முடியவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இவர் காரைக்குடிப் பக்கம் கோட்டையூருக்குப் போன் போட்டுத் தன் அப்பத்தாவை எழுப்பிவிட்டார். எண்பது தாண்டிய அப்பத்தா மறுபேச்சுப் பேசவில்லை. "போனை வையி. நான் குன்றக்குடியானுக்குக் காசு முடியிறேன்" என்று மட்டும் சொன்னார்களாம். குன்றக்குடியான் என்றால் குன்றக்குடி மலை முருகன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு இப்படி ஃபிட்ஸ் வரும், பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் போய்விடும் என்றார். இன்னொரு தடவை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டி, விரல் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்றார். அன்றைக்கு நான் பயத்தில் விரலை வாய்க்குள் விடப் பார்த்தேன். இதைப் படிக்கிற தாய்மார்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதற்கப்புறம் அவனுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. பதினோராம் மாதம் முடி இறக்குவது, நான் பால்குடம் எடுப்பது என்று வேண்டுதல். தைப்பூசக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, தை கடைசியில் கிளம்பினோம். மாசி பிறந்தால் பிள்ளைக்குப் பன்னிரண்டு, இரட்டைப்படை ஆகிவிடும்.

காரில் போகலாம் என்றார் இவர். சென்னையிலிருந்து காரைக்குடிக்கு ஏழெட்டு மணி நேரம் கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. ராத்திரி ரயில்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஐந்து வயதுக்குக் கீழே பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஆனாலும் நாலு வயது மகளுக்கு முழுக் காசு கொடுத்துத் தனி பெர்த் போட்டேன். அந்தக் காசு வீண் போகவில்லை. அவள் தாம்பரம் தாண்டும் முன்னே தூங்கி, விடிந்து புதுக்கோட்டை தாண்டித்தான் எழுந்தாள். கீழ் பெர்த்தில் சுவர்ப்பக்கம் மகன், வெளிப்பக்கம் நான். தெர்மாமீட்டரும் காய்ச்சல் மருந்தும் பெட்டியில் போகாமல் என் தோள்பையிலேயே இருந்தன.

தங்குவதிலும் ஒரு பேச்சு நடந்தது. ஏசி இருக்கும், வெந்நீர் இருக்கும் என்று ஓட்டலில் ரூம் போடலாம் என்றார். அப்பத்தா போனில், "வீடு இருக்கையில ஓட்டல்ல போயி எம்பேரனைக் கிடத்துவியளா?" என்று ஒரே கேள்வி கேட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

கைப்பிள்ளையோடு செட்டிநாட்டு வீட்டில் தங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. முக்கால்வாசி அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆனால் இரண்டாம் கட்டில் உத்தரத்து வளையத்தில் அப்பத்தா தன் பழைய நூல் சேலையில் தூளி கட்டி வைத்திருந்தார்கள். இவர் கிடந்த வளையம், இவருடைய அப்பா கிடந்த வளையம். சென்னையில் மெத்தையில் புரண்டு புரண்டு அழுகிறவன் அந்தத் தூளியில் இரண்டே ஆட்டில் கண்ணை மூடினான். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறும் பாய். ஃபேன்கூட வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வளவில் தாழ்வாரத்திலிருந்து வாசல் முற்றம் ஒரு முழம் பள்ளம். தவழ்கிற பிள்ளைக்கு அது தெரியாது. அண்டா, குவளை, விருந்துப் பாய்ச் சுருள் எல்லாவற்றையும் எடுத்து அப்பத்தா முற்றத்தைச் சுற்றி வேலி மாதிரி அடுக்கிவிட்டார்கள். கிணற்றடிக் கதவுக்கும் பூட்டு.

மறுநாள் ஞாயிறு, முகூர்த்த நாள் வேறு. வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஐந்தரைக்கு வண்டி சொல்லியிருந்தோம். வந்தது ஏழுக்கு. "அரை நாளுக்குத்தான் பேசுனது, காத்துக் கிடந்தா தனிக் காசு" என்று ஏறும்போதே சொன்னார் வண்டிக்காரர். எனக்கு மனசு கசந்தது. பிள்ளைக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர்களிடம் இப்படியா நடந்துகொள்வது? அப்பத்தா என் கையை அழுத்தி, "வாய்விடாதே ஆத்தா, நல்ல காரியம்" என்றார்கள்.

பிள்ளையார்பட்டிக்குக் குன்றக்குடி மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டியிலிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "முதல்ல அண்ணனைப் பார்த்துட்டு வந்துர்றோமப்பா" என்று உத்தரவு வாங்கிக்கொண்டோம். மயில்தான் மலையாக நிற்கிறது என்பார்கள். எங்கள் மகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "கழுத்து எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிள்ளையார்பட்டியில் கூட்டம் சொல்லி மாளாது. வண்டி நிறுத்திய இடத்திலேயே ஒருவர் வந்து, "கைப்பிள்ளை வெச்சிருக்கீங்க, நேரா சாமிகிட்ட விடுறேன்" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கினார். கூட்டிக்கொண்டுபோய் எல்லோரும் நின்ற அதே வரிசையின் வாலில் விட்டுவிட்டு ஆளே காணோம். சாமி பேரைச் சொல்லிப் பிள்ளைக்காரர்களை ஏமாற்றுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியே யார் வந்து அழைத்தாலும் போகாதீர்கள். சீட்டு வேண்டுமென்றால் உள்ளே போய்க் கையில் வாங்குங்கள். ஒரு மணி நேரம் நின்றோம். மகளுக்கு வெள்ளைப் பணியாரம் இரண்டு டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன், அதுதான் காப்பாற்றியது.

உள்ளே போனால் நின்ற காலின் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பாறையோடு பாறையாக ஆறடிக்கு வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார் கற்பக மூர்த்தி. இரண்டே கை. வலம்புரித் துதிக்கை, கையில் மோதகம். அருகம்புல் மாலையைக் கொடுத்தோம். மகள், "பிள்ளையாரு நம்ம வீட்டுத் தாத்தா மாதிரி உக்காந்திருக்காரு" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த ஆச்சி அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். நகரச் சொன்னார்கள், நகர்ந்தோம். எனக்கு மனசெல்லாம் குன்றக்குடியில் இருந்தது.

குன்றக்குடியில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான். அப்பத்தாவால் படி ஏற முடியாது. அடிவாரத்தில் தோகையடி விநாயகர் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். முந்தானையிலிருந்து அந்த முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார்கள். மஞ்சள் துணி, அந்த ராத்திரி முடிந்த காசு. நிறம் வெளுத்திருந்தது. மூன்று மாதமும் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்களாம்.

முடி இறக்குமிடத்தில் என் தம்பி மடியில் பிள்ளை. "அம்மான் மடியில கிழக்கப் பார்த்து உக்கார வையி" என்று அப்பத்தா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். புது பிளேடு வேண்டும் என்று நான் வாயைத் திறக்கும் முன்பே, முடி எடுப்பவர் காகிதம் பிரிக்காத பிளேடைத் தூக்கிக் காட்டினார். அவர் கை நல்ல கை. என் மகன் மலையே அதிரும்படி அழுதான், ஆனால் ஒரு கீறல் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, தலை முழுக்கச் சந்தனம் அப்பினோம்.

பால்குடத்தைத் தலையில் வைத்ததும் எனக்குக் கால் நடுங்கியது. சின்ன மலைதான். இத்தனை வருஷமும் பேசிக்கொண்டே ஏறிய படிதான். நிழல் இல்லாத இடங்களில் கல் சுட்டது. மகளுக்குக் கனமான சாக்ஸ் மாட்டியிருந்தேன், அவள் குதித்துக்கொண்டு முன்னே போனாள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடிகள் இங்கே கூடித்தான் கிளம்பும். இவருடைய ஐயா தன் காலத்தில் வருஷம் தவறாமல் நடந்தவர். பெரிய மருதுவுக்கு ராஜபிளவை என்கிற கொடிய கட்டி வந்து வைத்தியம் எதுவும் கேட்காமல் இந்த மலைத் திருநீற்றில்தான் குணமானது, அதற்கு நன்றியாகத்தான் மருது சகோதரர்கள் இங்கே அத்தனை திருப்பணி செய்தார்கள் என்று ஐயா சொல்வாராம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கதையாகத்தான் கேட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு படியிலும் அது எனக்குச் சொந்தக் கதையாக இருந்தது.

பாலைக் கொடுத்தோம். அபிஷேகம் ஆகி, அலங்காரத்துக்குத் திரை போட்டார்கள். பிள்ளையை இவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். அழுது அழுது ஏங்கல் மட்டும் மிச்சம். பின்னாலிருந்து நெருக்குகிறார்கள். யாரோ ஒருவருடைய தேங்காய்ப் பை என் இடுப்பில் இடித்துக்கொண்டே இருக்கிறது. கேட்க வேண்டியதை எல்லாம் ரயிலிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். இனி இவனுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, மகளுக்குப் பள்ளிக்கூட இடம் கிடைக்க வேண்டும், இவருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வர வேண்டும்.

திரை விலகியது. ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாக மயில்மேல் சண்முகநாதர். இந்தப் பக்கம் வள்ளி, அந்தப் பக்கம் தெய்வானை, அவர்களுக்கும் தனித்தனி மயில். தீபாராதனை வெளிச்சம் ஒவ்வொரு முகமாக ஏறி வந்தது. மகன் ஏங்கலை நிறுத்திவிட்டு வெளிச்சத்தைப் பார்த்தான். கூட்டம் தள்ளியதில் என் தாடை அவன் உச்சந்தலையில் பதிந்தது. சில்லென்று இருந்தது. ஈரச் சந்தனம். அந்த ராத்திரி ஆட்டோவில் இதே தாடையை இதே தலையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அப்போது அடுப்பில் வைத்த சட்டி மாதிரிக் கொதித்தது. அது ஞாபகம் வந்தவுடன் எனக்கு அடுக்கி வைத்தது ஒன்றும் நிற்கவில்லை. "வந்துட்டோமப்பா, வந்துட்டோமப்பா" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. என் அப்பனே, சண்முகநாதா, அன்றைக்கு அந்த ஆட்டோவில் எங்களோடு உட்கார்ந்து வந்தவன் நீ இல்லாமல் வேறு யார்? டாக்டர் கைக்குள் இருந்தது யார்? விழித்திருந்து காசு முடிந்த கிழவியின் கைக்குள் இருந்தது யார்?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குருக்கள் நகரச் சொல்லவில்லை. திருநீற்றை என் கையில் போட்டு, பிள்ளை நெற்றியிலும் தன் விரலால் தொட்டு வைத்தார்.

உண்டியல் முன்னால் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. இவர் நகத்தால் பார்த்தார், தம்பி பல்லால் பார்த்தான். அந்த ராத்திரிப் பதற்றத்தில் அப்பத்தா மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டிருந்தார்கள். கடைசியில் துணியோடு அப்படியே உண்டியலில் போட்டோம்.

இறங்கும்போது ஓர் அம்மா அன்போடு பிள்ளை நாக்கில் பஞ்சாமிர்தம் தடவ வந்தார்கள். ஒரு வயது ஆகும்வரை தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுத்தால் பிரசாதத்தை மறுத்ததாகிவிடுமே என்று, "இவன் பங்கும் எனக்கே குடுங்கம்மா" என்று கையை நீட்டி வாங்கி நானே சாப்பிட்டேன். அவர்களுக்கும் சந்தோஷம்.

அடிவாரத்தில் அப்பத்தா பிள்ளையை மடியில் வாங்கி, மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார்கள். கையெல்லாம் சந்தனம். அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"என்ன ஆத்தா கேட்டே?"

"ஒண்ணும் கேக்கலை அப்பத்தா. மறந்துட்டேன்."

அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. என் முந்தானையை இழுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்கள்.

மத்தியானம் வீட்டில் மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தூங்கினார்கள். தூளியைச் சுற்றிச் சந்தன வாசம். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா பட்டாலையில் தகரப் பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று எழப் போனேன். "நீ இரு" என்று கையமர்த்தி, மஞ்சள் துணியில் ஒரு சாண் கிழித்து எடுத்தார்கள். இவருடைய தங்கைக்குப் பங்குனியில் பிரசவம். ஒரு காசை வைத்து, உதடு அசைய ஏதோ சொல்லி, முதல் முடிச்சைப் போட்டார்கள்.