மணிலாவில் மல்லாட்டை

பண்ருட்டிப் பக்கம் நிலக்கடலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மல்லாட்டைதான். கொஞ்சம் நாக்கைத் திருத்திப் பேசுபவர்கள் மல்லாக்கொட்டை என்பார்கள். கமிட்டி மண்டி விலைப்பட்டியலில் 'மணிலா' என்று போட்டிருக்கும். மணிலாக்கொட்டைதான் நாக்கில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆகியிருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். அதுவரை மல்லாந்து கிடப்பதால் மல்லாட்டை என்று நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

போன பிப்ரவரியில் அலுவலக வேலையாகப் பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவுக்கு ஒரு வாரம் அனுப்பினார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பயணம். இரவெல்லாம் தூக்கமில்லை என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து நாள் குளிர்சாதன அறைக்குள் போயிற்று. சனிக்கிழமை மட்டும் என் கையில் இருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் ஷாப்பிங் மாலுக்குக் கிளம்ப, நான் இன்ட்ராமுரோஸுக்குப் போனேன். 'மதிலுக்குள்ளே' என்று பொருள். ஸ்பானியர்கள் கட்டிய பழைய மணிலா அதுதான்.

சாந்தியாகோ கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு அம்மா தட்டில் கடலை குவித்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அவித்தது, இன்னொரு பக்கம் பூண்டோடு எண்ணெயில் வறுத்தது. சின்னக் கண்ணாடி டம்ளர்தான் படி. அங்கே அக்காவை 'ஆத்தே' என்று கூப்பிட வேண்டுமாம். எனக்கு அது ஆத்தா மாதிரியே காதில் விழுந்ததால் கூச்சமில்லாமல் கூப்பிட முடிந்தது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"மனி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மணிலா, மனி! நாங்கள் முழுப் பெயரைச் சொல்கிறோம், இவர்கள் பாதியாக்கிவிட்டார்கள் என்று நினைத்து, எங்கள் ஊரில் இதற்கு உங்கள் ஊர்ப் பெயர்தான் என்று உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடை ஆளைக் கூப்பிட்டு அதையே சொல்லி இன்னொரு முறை சிரித்தார். இருபது பேசோவுக்கு இரண்டு டம்ளர் அளந்து, மேலே ஒரு பிடி கொசுறும் போட்டார்.

அன்று இரவு தேடிப் பார்த்தபோது என் கண்டுபிடிப்பு காற்றில் போய்விட்டது. மனிக்கும் மணிலாவுக்கும் எந்த உறவும் இல்லை. மனி என்பது கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்களின் சொல். கொலம்பஸ் முதலில் பார்த்த மனிதர்கள் அவர்கள்தான். நோயும் அடிமை வேலையும் அவர்களில் பெரும்பாலோரைச் சில பத்தாண்டுகளில் அழித்துவிட்டன. அவர்களுடைய சொல்லை ஸ்பானியர்கள் வாயில் போட்டுக்கொண்டு பசிபிக்கைத் தாண்டி இங்கே கொண்டுவந்து இறக்க, இந்தக் கோட்டை வாசலில் ஒரு அம்மா அதைச் சொல்லிக் கடலை விற்கிறார். கடலையின் பிறந்த வீடோ இன்னும் தெற்கே, பொலிவியா பக்கம்.

மெக்சிகோவின் நவாட்டல் மொழியில் கடலைக்குப் பெயர் த்லால்ககவாட்ல். த்லால்லி என்றால் நிலம், ககவாட்ல் என்றால் கோக்கோ விதை. அதாவது நிலக்கோக்கோ. நாம் நிலக்கடலை என்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு கூட்டத்துக்கு, மண்ணைப் பறித்ததும் தோன்றியது ஒரே யோசனைதான்.

பெயர்க் கதையை விட்டுக் கடலுக்கு வருகிறேன். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய மகெல்லன் 1521-இல் இந்தத் தீவுகளுக்கு வந்து மக்டான் தீவில் சண்டை போட்டுச் செத்தார். அதற்குப் பிறகு மெக்சிகோவிலிருந்து மேற்கே வருவது ஸ்பானியர்களுக்குப் பெரிய காரியமில்லை; காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். திரும்பிப் போவதுதான் முடியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் போன கப்பல்களெல்லாம் எதிர்காற்றில் அடிபட்டுத் திரும்பின. 1565-இல் உர்தனேத்தா என்ற அகஸ்டின் சபைத் துறவி வேறு மாதிரி யோசித்தார். ஜூன் மாதம் இங்குள்ள செபு தீவிலிருந்து கிளம்பிய கப்பலைக் கிழக்கே நேராக விடாமல், தென்மேற்குக் காற்றைப் பிடித்து வடக்கே, கிட்டத்தட்ட ஜப்பான் உயரத்துக்கு ஏற்றினார். அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கிடைத்தது. அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகம். அந்தத் தென்மேற்குக் காற்றுக்குத் தமிழில் கச்சான் என்று பெயர். ஈழத்தில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டாயிற்று!

ஆறு வருஷம் கழித்து, 1571-இல், லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி மணிலாவைப் பிடித்துத் தலைநகராக்கினார். அன்றிலிருந்து 1815 வரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெருங்கப்பல்கள் மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் போய் வந்தன. போகும்போது சீனத்துப் பட்டும் பீங்கானும், வரும்போது வெள்ளி. பொலிவியாவின் பொத்தோசியிலும் மெக்சிகோவிலும் வெட்டிய வெள்ளி. அப்போது சீனா வரியையே வெள்ளியாக வசூலித்துக்கொண்டிருந்ததால் அதற்குத் தீராத பசி. அந்த வெள்ளியோடு கூடவே விதையும் கிழங்கும் செடியும் ஏறி வந்தன. சர்க்கரைவள்ளிக் கொடியை 1593-இல் மணிலா இருக்கும் லூசோன் தீவிலிருந்து சீனாவின் ஃபுஜியனுக்குக் கள்ளத்தனமாகக் கொண்டுபோன சீன வணிகர் ஒருவரின் கதையை அந்தப் பக்கத்தில் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அடுத்த வருஷமே அங்கே பஞ்சம் வந்ததாம், கிழங்கு காப்பாற்றியதாம்.

இந்தக் கப்பல்கள் எப்படி இருந்தன என்று பார்க்க தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். கட்டணம் இல்லை. 1600 டிசம்பரில் டச்சுக்காரர்களோடு மோதி மூழ்கிய 'சான் தியேகோ' கப்பலிலிருந்து எடுத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. மிங் காலத்து நீலப் பீங்கான், ஜப்பானிய வாள்களின் கைக்காப்புத் தகடுகள் எல்லாம் இருந்தும் நான் அதிக நேரம் நின்றது ஜாடிகளுக்கு முன்னால்தான். இடுப்பு உயர ஜாடிகள். சீனா, சயாம், பர்மா என்று பல ஊர் மண். தோளில் நான்கு சின்னக் காதுகள், கயிறு கோக்க. ஒன்றில் கடல் சிப்பி அப்படியே ஒட்டிக் கல்லாகியிருந்தது. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். பெருங்கப்பலில் சரக்கே இடத்தை அடைத்துக்கொள்ள, தண்ணீரை இப்படிப்பட்ட ஜாடிகளில் ஊற்றிப் பாய்மரக் கயிறுகளில் தொங்கவிட்டுப் போவார்கள். தீர்ந்தால் பாயை விரித்து மழை பிடிக்க வேண்டியதுதான். 1696-இல் மணிலாவில் ஏறிய ஜெமெல்லி கரேரி என்ற இத்தாலியர் 204 நாள் கழித்து அகாபுல்கோவில் இறங்கினார். ரொட்டியில் நெளிந்த புழுவைப் பற்றி அவர் புலம்பியிருப்பதைப் படித்தால் விமானத்தில் தரும் ஆறிப்போன உப்புமாவைக் குறை சொல்ல வாய் வராது.

சரக்கில் மனிதர்களும் இருந்தார்கள். வட இந்தியாவில் எங்கோ பிறந்த ஒரு சிறுமியைப் போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையர் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிறகு மணிலாவில் விற்றார்கள். அங்கிருந்து கப்பலேறி மெக்சிகோவின் புவெப்லா நகருக்குப் போய், கதரீனா தே சான் ஹுவான் என்ற பெயரில் வாழ்ந்து 1688-இல் இறந்தார். அந்த ஊர்க்காரர்கள் அவரை 'சீனாக்காரி' என்றார்கள். அந்தக் கப்பலில் வந்து இறங்கிய யாராக இருந்தாலும் அவர்களுக்குச் சீனர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் கடலைக்குச் செய்ததைத்தான் அவர்கள் ஒரு பெண்ணுக்குச் செய்திருக்கிறார்கள். எந்தத் துறையிலிருந்து வந்ததோ அந்தப் பெயரை ஒட்டிவிடுவது. மெக்சிகோவில் ஒரு மாம்பழ ரகத்துக்கும் மணிலா என்றே பெயர். ஸ்பெயினில் பெண்கள் போர்த்தும் பூவேலைப் பட்டுச் சால்வை 'மணிலா சால்வை', நெய்தது சீனாவின் கான்டனில். எனக்குத் தெரிந்து நியாயமாக அந்தப் பெயருக்கு உரிமையுள்ளது மணிலாக் கயிறு ஒன்றுதான். அந்த நாரைத் தரும் அபாக்கா இந்தத் தீவுகளின் சொந்த வாழை.

சான் அகஸ்டின் தேவாலயத்தை 1607-இல் கட்டி முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1945 சண்டையில் மதிலுக்குள் இருந்த தேவாலயங்களில் இது ஒன்றுதான் தப்பியது. வாசலில் கருங்கல் சிங்கங்கள், சீனத்துச் சிங்கங்கள். உள்ளே லெகாஸ்பியின் கல்லறை. எனக்குப் பிடித்தது முற்றத்து மரம். நம்மூர்க் கோயில்களில் நிற்கும் அதே ஈழத்தலரி, அங்கே கலாச்சூச்சி. அதுவும் மெக்சிகோவின் நவாட்டல் சொல்தான், அதே கப்பலில் வந்த மரம்தான். நாம் அதை ஈழத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

மத்தியானம் பாசிக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பினோண்டோவுக்கு நடந்தேன். 1594-இல் கிறிஸ்தவச் சீனர்களுக்காக ஏற்பட்ட பேட்டை. 1603-இல் இதே நகரில் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றிருக்கிறார்கள், பிறகு அவர்கள் இல்லாமல் வியாபாரம் நடக்காது என்று திரும்ப வரவும் விட்டிருக்கிறார்கள். சந்துக்கடையில் லும்பியா சாப்பிட்டேன். மெல்லிய தோசை மாதிரி ஒன்றில் காய்கறியைச் சுருட்டி, மேலே சர்க்கரையும் பொடித்த வேர்க்கடலையும் தூவித் தருகிறார்கள். ஃபுஜியன் பலகாரத்துக்குத் தென் அமெரிக்கக் கொட்டை. கடலையைச் சொல்லிவிட்டுத் தின்னாமல் வந்தால் தப்பு என்று இரண்டாவதும் வாங்கினேன்.

மெட்ராஸுக்கும் இந்த ஊருக்கும் நேரடிப் போக்குவரத்தே இருந்திருக்கிறது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி மணிலாவுக்குப் போய் வெள்ளியாகத் திரும்பும். ஆங்கிலேயக் கப்பலை ஸ்பானியர்கள் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஆர்மேனியர் பெயரில் அனுப்புவார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் மர்மலாங் பாலம் கட்டிக்கொடுத்த பெட்ரூஸ் உஸ்கான், மணிலா வியாபாரத்தில் காசு பார்த்த ஆர்மேனியர். 1762-இல் அதே மெட்ராஸிலிருந்து பிரிட்டிஷ் படை போய் மணிலாவையே பிடித்தது. கூடப் போன சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டா என்ற ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். அங்கே போக எனக்கு நேரமில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

திரும்பும்போது பூண்டு போட்டு வறுத்த கடலை இரண்டு பாக்கெட் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். பொங்கலுக்குப் போகாத குறைக்கு மாசி மாதம் ஊருக்குப் போனேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டைக் கொடுத்து, "மணிலாவுலேர்ந்து வாங்கியாந்தேன் அத்த" என்றேன்.

"ஏண்டா, இங்க மூட்ட மூட்டயா கெடக்குது, ஏரோப்ளேன்ல போயி மல்லாட்டையா வாங்கியாந்த?"

இரண்டு கொட்டையை வாயில் போட்டு மென்றார். "எண்ணெப் பசையே இல்ல. நம்முது மாதிரி வராது." பிறகு முறத்தின் ஓரத்தில் பாக்கெட்டைக் கொட்டி, பொன்னிறமாக வறுபட்ட பூண்டுச் சில்லுகளை மட்டும் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தார்.