அவர் இடத்துக்கு யார்?

கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரருக்கு வயதாகிவிட்டது என்பதை ஸ்கோர் ஷீட் கடைசியாகத்தான் சொல்லும். தூரத்திலிருந்து எறியும் கைக்கு வயது சீக்கிரம் ஏறாது. பாஸ் கொடுக்கும் கண் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிக்கொண்டே போகும். முதலில் விட்டுப்போவது கால்கள். அதிலும் நேராக ஓடும் வேகத்துக்கு முன்பே பக்கவாட்டில் நகரும் வேகம் குறைந்துவிடும். புள்ளிகளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது பிடிபட ஓரிரு சீசன்கள் ஆகும். அதற்குள் அணி தோற்கத் தொடங்கியிருக்கும்.

ஒரு கிளப் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஆண்டுகளில், ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் பொறுப்பு. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயிண்ட் கார்டுதான் கேப்டன். வெகுகாலமாக முதல் ஐவரில் ஒருவர். நான் குறிப்பிடும் அந்த சீசனில் அவருடைய புள்ளிச் சராசரி குறையவே இல்லை. ஆனால் வீடியோவில் வேறு விஷயங்கள் தெரிந்தன. எதிரணி ஸ்க்ரீன் வைத்தால், அதாவது காக்கிறவரின் வழியில் ஒரு ஆளை நிறுத்தி மறித்தால், முன்பெல்லாம் அதன் மேற்பக்கமாக உரசிக்கொண்டு வந்து பந்து வைத்திருப்பவரை விடாமல் பிடிப்பார். இப்போது கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்தார். கூடை வரை நுழைந்து ஃபௌல் வாங்குவது அரிதாகிவிட்டது. கூடையடி வரை ஓடி லே-அப் போக வேண்டிய இடத்தில் பாதியிலேயே நின்று பந்தைத் தூக்கிப் போட்டார். பந்து கைமாறியதும் திரும்பி ஓடும் முதல் இரண்டு மூன்று அடிகளில் ஒரு தாமதம். அடுத்தடுத்த நாளில் ஆட்டம் இருந்தால், இரண்டாம் நாளின் கடைசிக் கால் பகுதியில் இவை அனைத்தும் சேர்ந்து வெளிப்படும்.

அவர் இதையெல்லாம் அனுபவத்தால் ஈடுகட்டினார். எதிராளி எந்தப் பக்கம் போவான் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் அரை நொடி முன்னதாகவே புறப்பட்டுவிடுவார். அதனால் பார்வையாளர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எதிரணிப் பயிற்சியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டம் இறுகும் கட்டத்தில், அவர் யாரைக் காக்கிறாரோ அந்த ஆளை வைத்தே திரும்பத் திரும்ப ஸ்க்ரீன் போட ஆரம்பித்தார்கள்.

"இந்த சீசனும் அடுத்த சீசனும் தாங்குவார். அதற்கு அப்புறம் வேண்டிய ஆளை இப்போதே பாருங்கள்" என்றார் தலைமைப் பயிற்சியாளர். அவர் சொன்ன நேரம் மிகச் சரியானது. மூத்தவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே தேடினால் நமக்கு வேண்டிய ஆளைப் பொறுமையாகத் தேர்ந்தெடுக்கலாம். அவரால் முடியாமல் போன பிறகு தேடினால் கையில் அகப்பட்டவரை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

நிர்வாகத்தில் இருந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "இவரைப் போலவே ஒருவர் வேண்டும்." அதே உயரம், அதே இடம், அதே அளவு புள்ளிகள். ஓர் அணி தன் பெரிய ஆட்டக்காரரை இழக்கும்போது எங்கும் எழுகிற முதல் ஆசை இதுதான். ஆனால் நகலைத் தேடிப் போன அணிகளைவிட, நகல் கிடைக்காது என்று ஒப்புக்கொண்ட அணிகளே பிழைத்திருக்கின்றன என்பது என் கருத்து. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸைப் பாருங்கள். 13 சீசன்களில் 11 பட்டங்கள் வென்ற பில் ரஸல் 1969-ல் ஓய்வு பெற்றார். அடுத்த சீசனில் அந்த அணி 34 ஆட்டங்களில் வென்று 48-ல் தோற்றது. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1970-ஆம் ஆண்டு டிராஃப்டில் நான்காவதாக டேவ் கோவன்ஸை எடுத்தார்கள். ரஸல் கூடையடியில் நின்று எதிரணியின் ஷாட்டுகளைத் தடுத்து ஒரு சகாப்தத்தையே உருவாக்கியவர். கோவன்ஸ் முற்றிலும் வேறு ஆள். கூடைக்கு அருகே ஆட வேண்டிய சென்டராக இருந்தும் கூடையிலிருந்து தள்ளி நின்று ஷாட் போடுவார். ஆட்டம் முழுவதும் ஓடுவார். தரையில் உருளும் பந்துக்குப் பாய்ந்து விழுவார். அணி அவரை ரஸலாக்க முயலவில்லை. அவருக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. 1972-73 சீசனில் 68 வெற்றிகள், 14 தோல்விகள். அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கோவன்ஸுக்கு. 1974-லும் 1976-லும் பட்டம்.

இதை நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு வேறொரு வேலையில் இறங்கினேன். எங்கள் கேப்டன் களத்தில் செய்கிற காரியங்களில் எவையெல்லாம் ஸ்கோர் ஷீட்டில் ஏறுவதில்லை என்று ஒரு பட்டியல் போட்டேன். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டுமே பார்த்தபடி ஆட்டங்களை மறுபடி ஓட்டினேன். அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

ஓர் உதாரணம் மனத்தில் அப்படியே நிற்கிறது. எதிரணியின் கார்டு பந்தைத் தட்டியபடி நடுக்கோட்டைத் தாண்டுகிறார். எங்கள் சென்டர் இளைஞர். ஸ்க்ரீன் வருவதை இன்னும் கவனிக்கவில்லை. கேப்டன் தன் ஆளிடமிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டி, சென்டரின் இடுப்பைத் தொட்டு அரை அடி வலப்புறம் நகர்த்துகிறார். கூடவே இரண்டு சொற்கள் சொல்கிறார். அந்த அரை அடியால் கூடைக்கான பாதை அடைபடுகிறது. எதிரணி கார்டு பந்தைத் திருப்பி அனுப்புகிறார். ஷாட் போட்டாக வேண்டிய 24 நொடிக் கடிகாரம் ஓடுகிறது. கடைசியில் அவசரமாக ஒரு ஷாட் போட்டுத் தவறவிடுகிறார்கள். தவறிய பந்தைப் பிடித்த ரீபவுண்டு சென்டரின் பெயரில் பதிவானது. கேப்டனின் பெயரில் எதுவும் பதிவாகவில்லை.

இப்படிப் பல. நாம் புள்ளி கொடுத்துவிட்ட பிறகு பந்தை உள்ளே எறிகிறவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கை காட்டுவது. கடிகாரத்தில் எட்டு நொடி இருக்கும்போதே அடுத்த அசைவைத் தொடங்கிவிடுவது. நடுவரிடம் தகராறுக்குப் போகும் சக ஆட்டக்காரரை மார்பில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வருவது. தொடர்ந்து ஷாட் தவறவிட்டவருக்கு அடுத்த சுலபமான வாய்ப்பை உருவாக்கித் தருவது. இவ்வளவையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கேள்வியை மாற்றினோம். இவற்றில் எவை அந்த இடத்தில் நிற்கிறவர் செய்தே ஆக வேண்டியவை? எவற்றை மற்ற நால்வருக்குப் பிரித்துக் கொடுக்கலாம்? நடுவரிடம் பேசும் வேலை, நிதானமான எங்கள் ஃபார்வர்டுக்குப் போனது. டிஃபென்ஸில் குரல் கொடுக்கும் பொறுப்பில் பாதியை சென்டர் ஏற்க வேண்டும் என்று முடிவானது; எல்லோருக்கும் பின்னால் நிற்பதால் முழுக் களமும் தெரிவது அவருக்குத்தானே. கடிகாரமும் ஆட்டத்தின் வேகமும் மட்டும் பாயிண்ட் கார்டின் தலையில்தான்; அவற்றைப் பிரிக்க வழியில்லை.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது எங்களுக்குப் பிடித்த ஆளே மாறிவிட்டார். அதுவரை எல்லோர் வாயிலும் இருந்த பெயர், வெளியிலிருந்து எடுக்க நினைத்த ஓர் அதிரடி ஆட்டக்காரர். அபாரமாகப் புள்ளி சேர்ப்பார். ஆனால் பந்து அவர் கையில் இல்லாத நேரத்தில் வெறும் பார்வையாளராகிவிடுவார். எங்கள் பெஞ்சிலேயே ஓர் இளைஞர் இருந்தார். இரண்டாம் அணியோடு சில நிமிடங்கள் ஆடுவார், ஷாட் சுமார்தான். ஆனால் பயிற்சியில் வாய் ஓயாது. "வலது! வலது! ஸ்க்ரீன்!" என்று அவர் குரல் அரங்கு முழுக்கக் கேட்கும். தவறு செய்தால் அடுத்த முறை அதே தவறு வராது. ஷாட்டைப் பயிற்சியால் திருத்தலாம். களத்தைப் பார்க்கும் பழக்கத்தை இருபது வயதுக்கு மேல் புகுத்துவது மிகவும் கடினம் என்பதே என் அனுபவம். நான் அவருக்காக வாதாடினேன். கூட்டம் நீண்டது, முடிவு அவர் பக்கம் வந்தது.

வாரிசு பக்கத்திலேயே இருந்தும் கைவிட்ட அணிகள் உண்டு. ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில் பாயிண்ட் கார்டு ஸ்டீவ் நாஷுக்குப் பின்னால் கோரான் டிராகிச் இருந்தார். 2010 மே மாதம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றின் கடைசிக் கால் பகுதியில் மட்டும் 23 புள்ளிகள் எடுத்தார். 2011 பிப்ரவரியில் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2012-ல் நாஷும் போனார். அதே கோடையில் டிராகிச்சைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 2013-14 சீசனில் என்.பி.ஏ.யில் அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரின் மதிப்பு, அவரைத் தினமும் பார்க்கிறவர்களின் கண்ணுக்குத்தான் பலசமயம் தப்பிவிடுகிறது.

அடுத்தது கேப்டனிடம் சொல்வது. யாரோ சொல்லி அவர் காதுக்குப் போகக்கூடாது என்பதில் தலைமைப் பயிற்சியாளர் உறுதியாக இருந்தார். மூவரும் வீடியோ அறையில் உட்கார்ந்தோம். பயிற்சியாளர் சுற்றி வளைக்கவில்லை. "அடுத்த சீசனில் உன் நிமிடங்களைக் குறைக்கப் போகிறேன். இந்தப் பையனை உன் இடத்துக்குத் தயார் செய்ய வேண்டும். அதை உன்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை." கேப்டன் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "சார், அவன் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போவது சரியில்லை. முதலில் அதைத் திருத்த வேண்டும்" என்றார். அன்று அவருக்குள் வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. அந்த வருத்தத்தை அவர் இளைஞர்மீது ஒரு நாளும் இறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த பெருந்தன்மைகளில் அதை முதலில் வைப்பேன்.

நிமிடங்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். ஆட்டம் 40 நிமிடம். இளைய ஆட்டக்காரருக்கு வாய்ப்பு என்றால் பெரும்பாலான அணிகள் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைத்தான் கொடுக்கின்றன. அந்த நிமிடங்களில் கற்க எதுவும் இல்லை. எதிரணியும் தன் முதல் ஐவரை உட்கார வைத்திருக்கும். இரண்டாம் அணியோடு மட்டும் ஆடவிடுவதும் போதாது. வாரிசு வரப்போவது முதல் ஐவரின் நடுவே. அந்த நால்வர் பந்தை எங்கே கேட்பார்கள், எந்த உயரத்தில் கேட்பார்கள், யார் கோபத்தில் ஸ்க்ரீன் வைக்காமல் நழுவுவார் என்பதையெல்லாம் அவர்களோடு ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இரண்டாம் கால் பகுதியின் தொடக்கத்திலும் மூன்றாவதின் நடுவிலும் அவரை முக்கிய ஆட்டக்காரர்களோடு இறக்கினோம்.

இதைவிடப் பலன் தந்தது, கேப்டனையும் அவரையும் ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்தியதுதான். பந்தை இளைஞர் கொண்டு வருவார். கேப்டன் பக்கவாட்டில் ஷூட்டராக நிற்பார். கால் ஓயத் தொடங்கிய ஒருவருக்கு அந்த இடம் ஏற்றது. கைதான் இன்னும் சரியாக இருக்கிறதே. அந்த நிமிடங்களில் ஆட்டம் நின்ற ஒவ்வொரு முறையும் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு முறை பெஞ்சுக்கு மிக அருகில் நடந்த பேச்சு என் காதில் விழுந்தது. "அண்ணா, அவன் எந்தப் பக்கம் போகப் போகிறான் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" "தலையைப் பார்க்காதே, பந்தையும் பார்க்காதே. இடுப்பைப் பார். தலையால் ஏமாற்றலாம், தோளால் ஏமாற்றலாம், இடுப்பால் ஏமாற்ற முடியாது." நடுவர் விசில் ஊதிவிட்டார்; இருவரும் போய்விட்டார்கள். இதை நாங்களும் பயிற்சியில் சொல்லியிருக்கிறோம். ஆனால் களத்தின் நடுவே, மூச்சு வாங்க, அண்ணன் ஒருவர் வாயிலிருந்து கேட்கும்போது அது பதிகிற விதமே வேறு.

தோல்விகள் இருந்தன. எதிரணி களம் முழுக்க நெருக்கிப் பிடித்து முழுக்கள அழுத்தம் கொடுத்தால் இளைஞர் பந்தை இழந்தார். அரங்கில் கேப்டனின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அப்போதெல்லாம் உடனே மாற்றாமல் அவரையே களத்தில் விட்டு வைத்த தலைமைப் பயிற்சியாளரின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு தவறுக்கும் வெளியே கூப்பிடப்படும் ஆட்டக்காரர், தவறு செய்யாமல் இருப்பதற்காகவே ஆடத் தொடங்கிவிடுவார்.

அடுத்த சீசன் முதல் ஐவரில் இளைஞரின் பெயர் வந்தது. பெஞ்சிலிருந்து வருவதை கௌரவக் குறைவாக நினைக்கும் மூத்தவர்கள் பலர். ஆண்ட்ரே இக்வடாலாவுக்கு நடந்ததை கேப்டனிடம் நான் சொன்னதுண்டு. 2014 வரை என்.பி.ஏ.யில் ஆடிய 758 வழக்கமான சீசன் ஆட்டங்களிலும் முதல் ஐவரில் தொடங்கியவர் அவர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அவரை பெஞ்சுக்கு மாற்றினார். அந்த சீசனின் இறுதிப் போட்டித் தொடரில், நான்காவது ஆட்டத்தில் தேவை வந்தபோது முதல் ஐவரில் இறக்கப்பட்டார், பட்டம் வென்றார்கள், தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவரும் அவரே.

எங்கள் அணியின் ஆட்டமும் மாறியது. இளைஞர் கேப்டனைப் போல நிதானமாகப் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைக் கட்டுகிறவர் அல்லர். ரீபவுண்டு கிடைத்ததும் ஓடத் தொடங்கிவிடுவார். சென்டர் ஸ்க்ரீன் வைக்கும் இடத்தை மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து இன்னும் மேலே நகர்த்தினோம். அவருக்கு ஒத்துவராத பழைய அமைப்புகள் சிலவற்றை அடியோடு விட்டுவிட்டோம். கேப்டன் மேலும் ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டார். எதிரணி முழுக்கள அழுத்தத்தை ஆரம்பித்ததும் பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். அதற்குள் அவர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்.