பெட்டி முன்னால, ஆள் பின்னால

ஜப்பான்காரங்க ஊர் சுத்துற அழகே தனி. பெரிய பெட்டியை முந்தின நாளே கூரியர்ல அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிடறாங்க. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துடும். ராத்திரி துணியும் மருந்தும் மட்டும் கைப்பையில. டோக்கியோ-ஒசாகா புல்லட் ரயிலான டொகாய்டோ ஷின்கான்சென்ல நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டுற பெட்டிக்கு முன்பதிவு வேணும், அந்தத் தொல்லையும் இல்ல.

ரயில்ல எகிபென் சாப்பாட்டு டப்பா. ஆனா நான் மயங்குறது, ஞாபகத்துக்கு நம்ம நோட்டுல நாமே குத்திக்கிற ஸ்டேஷன் முத்திரைக்குத்தான். மேசையில முத்திரைக் கட்டையும் மையும் இருக்கும், காசு கிடையாது. மையில லேசா ரெண்டு தட்டு, நேரா வச்சு நடுவுலேர்ந்து ஓரம் வரை அழுத்தி, ஆட்டாம எடுக்கணும். அவசரப்பட்டா ஒரு பக்கம் வெளுத்துடும். மை காயறதுக்குள்ள நோட்டை மூடினா எதிர்ப்பக்கமும் பாழ்.

கோயில்கள்லயும் முத்திரை குத்தி, கையால எழுதித் தருவாங்க; அதுக்குத் தனி நோட்டு வச்சுக்கோங்க. ரெண்டையும் கலந்தா சில கோயில்கள்ல எழுதித் தரமாட்டாங்க.